ரசனையைச் சலித்து விற்ற டேட்டா நிறுவனம்: அமெரிக்க முதியவர்கள் மோசடிக் கும்பலிடம் சிக்கியது எப்படி?

பரிசு விழுந்திருக்கிறது, சின்னதாக ஒரு கட்டணம் கட்டினால் போதும். அமெரிக்காவில் முதியவர்கள் பலரது வீட்டுக்கு இப்படிக் கடிதங்கள் வந்தன. அனுப்பியது மோசடிக் கும்பல். யாருக்கு அனுப்பினால் பணம் வரும்னு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? விலைக்கு வாங்கிய பட்டியல் மூலம்தான்.

பட்டியல் எப்படித் தயாராகிறது?

நுகர்வோர் விவரங்களைத் திரட்டி விற்பவர்களுக்கு 'டேட்டா புரோக்கர்' என்று பெயர். வாங்கிய பொருள், பத்திரிகைச் சந்தா, வாரண்டி அட்டை, சொத்துப் பதிவு என கிடைத்ததையெல்லாம் ஒரே பெயரின் கீழ் சேர்ப்பார்கள். பிறகு ஆர்வம், வயது, வருமானம், வாழ்க்கை முறை எனச் சலித்துப் பிரிப்பார்கள்.

இந்தத் துறையின் 9 நிறுவனங்களை ஆராய்ந்த அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், 2014 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. குழந்தையை எதிர்பார்க்கும் பெற்றோர், சர்க்கரை நோய் பற்றி ஆர்வம் காட்டுபவர்கள் எனப் பல பிரிவுகள் இருந்தது தெரியவந்தது. 'ரூரல் எவர்லாஸ்டிங்' என்ற பிரிவில் இருந்தவர்கள், 66 வயதைக் கடந்த, படிப்பும் சொத்தும் குறைந்த, துணை இல்லாதவர்கள்.

எப்சிலான் வழக்கு என்ன?

மீன்பிடிப்பதில் ஆர்வம் உள்ளவருக்குத் தூண்டில் விளம்பரம் வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சல்லடைக்கு வாங்குபவர் யார்னு தெரியாது. விற்பவருக்குத் தெரியும். சிக்கலே அங்கேதான்.

எப்சிலான் என்ற பெரிய மார்க்கெட்டிங் நிறுவனத்தின் ஒரு பிரிவு, 2008 முதல் 2017 வரை 3 கோடிக்கும் அதிகமானோரின் விவரங்களை மோசடிக்காரர்களுக்கு விற்றது. யார் பதில் போடுவார்கள் என்பதையும் கணித்துக் கொடுத்தது. அதே மாதிரி வேலை செய்த சிலர் கைதான பிறகும் விற்பனை நிற்கவில்லை. இந்த வழக்கை முடிக்க 15 கோடி டாலர் செலுத்த 2021 ஜனவரியில் எப்சிலான் ஒப்புக்கொண்டது. அதில் 12.75 கோடி டாலர் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு.

இப்போது என்ன வழி?

கலிபோர்னியா 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கு வசிப்பவர் ஒரே ஒரு விண்ணப்பம் போட்டு, அம்மாநிலத்தில் பதிவு செய்த எல்லா புரோக்கர்களிடமும் தன் விவரத்தை நீக்கச் சொல்லலாம். ஆனால், அமெரிக்கா முழுமைக்கும் இப்படியொரு சட்டம் இல்லை. மற்ற மாநிலங்களில் பலருக்கு, தங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே தெரியாது. கடிதம் வந்தால்தான் உண்டு.