உடைத்துப் பார்க்க வேண்டிய வெல்டிங்

எலக்ட்ரோடு வெல்டிங்கை விட்டு சிஓ2 வெல்டிங்குக்கு மாறும் பட்டறைகள் சொல்லும் காரணங்கள் நியாயமானவை. ஒயர் விடாமல் வருவதால் குச்சி மாற்ற நிறுத்த வேண்டாம். தட்டியெடுக்க ஸ்லாக் படலம் கிடையாது. வாங்கும் ஒயரில் 90 சதவீதத்துக்கு மேல் இணைப்பில் சேர்கிறது. எலக்ட்ரோடில் பூச்சும் மிச்சக் கட்டையும் போக ஏறக்குறைய 65 சதவீதம்தான். ஆனால் வெளியே வழவழப்பாகவும் உள்ளே தட்டோடு உருகிச் சேராமலும் கிடக்கும் வெல்டு இந்த முறையில் வெகு சுலபமாக வந்துவிடும். அதனால், தடித்த தட்டில் இதைக் கையாளும் பட்டறை மாதிரித் துண்டை உடைத்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்கிறோம்.

காரணம் மெஷினின் குணத்திலேயே இருக்கிறது. அது வோல்டேஜை நிலையாக வைத்துக்கொள்ளும். கரண்டை முடிவு செய்வது பெரும்பாலும் ஒயர் வரும் வேகம். கான்டாக்ட் டிப்புக்கு வெளியே 12 மில்லி ஒயர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில், நாசில் நுழையாத மூலை என்பதற்காக வெல்டர் டார்ச்சைப் பின்னுக்கு இழுத்து அதை 22 மில்லி ஆக்கினால், கரண்டு இறங்கிவிடும். ஒயர் அதே வேகத்தில்தான் வருகிறது, அதே அளவு உலோகம்தான் விழுகிறது. தட்டுக்குள் இறங்கும் சூடு மட்டும் குறைந்துவிட்டது. ஒயர் முனை நொடிக்கு 20 முதல் 200 முறை உருகிய குட்டையைத் தொட்டுத் தொட்டு மீளும் ஷார்ட் சர்க்யூட் நிலையில் ஆபத்து இன்னும் அதிகம். மெல்லிய தகட்டுக்கும் தலைக்கு மேல் வேலைக்கும் அருமையான நிலை அது. 10 மில்லி தட்டிலோ, சூட்டைத் தட்டே உறிஞ்சிவிட, உருகிய உலோகம் முன்னால் ஓடி உருகாத பரப்பின்மேல் படுத்துவிடுகிறது. ஸ்ப்ரே நிலைக்குப் போனால் ஊடுருவல் கிடைக்கும். அதற்கு ஆர்கான் கலவை வேண்டும்; தனி சிஓ2-வில் அந்த நிலை வராது. உருகிய குட்டை பெரிதாகிவிடுவதால் செங்குத்து வேலைக்கும் அது ஒத்துவராது.

எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடுமே என்பார்கள். ஸ்லாக் துணுக்கையும் காற்றுத் துளையையும் அது காட்டும். ஒட்டினாற்போல் கிடக்கும் மெல்லிய பிரிவு அதில் தப்பிவிடும். ஷார்ட் சர்க்யூட் வெல்டருக்கு எக்ஸ்ரேயை மட்டும் வைத்துத் தகுதி தர ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவு இடம் கொடுக்காததும், சோதனையில்லாமலே ஏற்கப்படும் முறைகளின் பட்டியலில் ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 விதித்தொகுப்பு இந்த நிலையைச் சேர்க்காததும் இதனால்தான். பல்ஸ் மெஷின் வாங்கினால் தீராதா என்றால், பெருமளவு தீரும். ஆனால் டார்ச் விலகுவதையும், காற்று வீசி கேஸைக் கலைப்பதையும் எந்த மெஷினும் தடுக்காது.

சோதனைச் செலவு பெரிதில்லை. இரண்டு கழிவுத் துண்டுகளை டி வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஃபில்லெட் போட்டு, வேர் திறக்கும்படி சுத்தியால் அடித்து மடக்க வேண்டும். முறிந்த முகம் சொரசொரப்பாகக் கிழிந்திருந்தால் சேர்ந்திருக்கிறது. தட்டின் பழைய பரப்பு, கட்டிங் கோடோ செதிலோ அழியாமல் பளிச்சென்று தெரிந்தால் அங்கே உருகவே இல்லை. கேஸ், ஒயர் அளவு, வெல்டர் இவற்றில் எது மாறினாலும், வேலைத் துண்டில் டார்ச் வைக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.