மாடல் வேண்டாம்னு சொல்லல, எங்க நேரத்தையும் எண்ணுங்கன்னு சொல்றேன்

கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக்காரங்க கண்டிப்பா படிங்க.

2022ல சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யில இருந்து 5,904 சதுர கி.மீ.யா விரிச்சாங்க. காஞ்சிபுரம் மாவட்ட கிராமங்களும் அதுக்குள்ள வந்தாச்சு. அதே வருஷம் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு. 13 கிராமம், 5,000 ஏக்கருக்கு மேல. இது போக 2026-2046க்கான மூணாவது மாஸ்டர் பிளான் வேற.

"இதெல்லாம் பொருளாதார மாடல் போட்டுத்தான் முடிவு பண்றாங்க, டாக்டருக்கு என்ன தெரியும்?"னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டார். எம்.பி.பி.எஸ். படிச்சவன்தான் நான். ஆனா தூரம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு பி.எச்.சி.ல விடியக்காலை ஒரு அம்மாவைக் கொண்டு வந்தாங்க. பைக்ல ரெண்டு பேருக்கு நடுவுல உட்கார வச்சு. தரையில படுத்துத் தூங்கியிருக்காங்க, வயித்து வலின்னு எழுந்திருக்காங்க. கடிச்ச தடம் சரியா தெரியல. இமை தொங்கிப் போச்சு. கட்டுவிரியன். விஷமுறிவு மருந்து ஏத்தியாச்சு, ஆனா மூச்சு தளர ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வென்டிலேட்டர் 30 கி.மீ. தள்ளி. டியூப் போட்டு, 108ல வழி முழுக்க ஆம்பு பேக்கை கையால அமுக்கிக்கிட்டே போனோம். பிழைச்சாங்க. ரோடு காலியா இருந்தது, அவ்வளவுதான்.

இப்ப மாடலுக்கு வருவோம். 1826ல ஃபான் தியூனன்னு ஒரு ஜெர்மன் பண்ணையார் எழுதினது. நடுவுல ஒரு நகரம், சுத்தி வளையம் வளையமா பால், காய்கறி, விறகு, தானியம், ஆடு மாடு. நகரத்துக்குக் கொண்டு போற செலவுதான் நிலத்தோட வாடகையை முடிவு பண்ணுது. 1964ல அலான்சோ அதையே நகரத்துக்குள்ள கொண்டு வந்தார், பாலுக்கு பதிலா வேலைக்குப் போற மனுஷன். இன்னைக்கு கம்ப்யூட்டர்ல ஓடற பெரிய மாடல்களுக்கும் அடிப்படைக் கேள்வி இதுதான்: போக்குவரத்து மாறினா ஆள் எங்க குடியேறுவான், தொழில் எங்க வரும், நில விலை எங்க ஏறும்.

நல்ல கேள்விதான். ஆனா நடுவுல எப்பவும் நகரம். நம்ம நஞ்சை, ஏரி, மேய்ச்சல் எல்லாம் அந்தப் படத்துல ஓரத்துல கிடக்கற 'மலிவான நிலம்'.

இதைவிட மோசம், நேரத்துக்கு விலை போடற முறை. ஒரு ரோடோ விமான நிலையமோ எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தும்னு பார்த்து அதை ரூபாயா மாத்துவாங்க. அந்த விலையை பெரும்பாலும் ஆளோட வருமானத்தை வச்சுதான் போடுவாங்க. 100 நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல 2025-26 கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம்னா மணிக்கு 42. மணிக்கு 1,000 ரூபாய் சம்பாதிக்கற ஒரு விமானப் பயணியோட ஒரு மணி நேரம், அந்த அம்மாவோட 24 மணி நேரத்துக்கு சமம். கணக்குல எந்தத் தப்பும் இல்ல. அதுதான் பிரச்சனையே.

நம்ம துறையும் யோக்கியம் இல்ல, ஒத்துக்கறேன். சமவெளியில 30,000 பேருக்கு ஒரு பி.எச்.சி.ங்கிற விதியும் ஒரு மாடல்தான். தலையை எண்ணுது, ராத்திரி பஸ் இருக்கான்னு பார்க்கல.

மாடலை வேற மாதிரியும் ஓட்டலாம். கிறிஸ்டாலர் 1933ல மையத் தலங்கள் பத்தி எழுதினார். எந்த அளவு ஊருக்கு எந்த வசதி, எவ்வளவு தூரத்துல. பின்னாடி அவரே நாஜிகளோட திட்ட அலுவலகத்துல சேர்ந்து, ஆக்கிரமிச்ச போலந்துல யாரை எங்க குடியேத்தறதுன்னு அதே அறுகோணத்தைப் போட்டார். அதே கோட்பாட்டோட வழியில 1971ல நம்ம நாட்டுல மிரியாலகூடா தாலுகாவை ஆராய்ஞ்சாங்க. கிராம வசதிகள் எந்தெந்த ஊர்ல அமையணும்னு கேட்டாங்க. கோட்பாடு ஒண்ணுதான். யாருக்காக ஓட்டறோம்ங்கிறது வேற.

உத்திரமேரூர்னா எல்லாரும் பராந்தகன் காலத்து கல்வெட்டு, குடவோலைன்னு பெருமை பேசுவோம். அதுல ஏரி வாரியம்னு தனியா ஒரு குழு இருந்தது. கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் சொந்தக்காரனும் முடியாது. (நிலம் இல்லாதவனுக்கு அந்த சபையில இடமே இல்லைங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. 1,100 வருஷத்துக்கு முன்னாடியும் கணக்குல விடுபட்டவங்க இதே ஆளுங்கதான்.)

அதனால கேட்கறது இதுதான். மாடல்ல போட்ட அனுமானங்களைத் தமிழ்ல எழுதி கிராம சபையில வையுங்க. எங்க ஏரிக்கு என்ன விலை போட்டீங்க? குத்தகைக்காரர், நடவுக்குப் போற அம்மா, இவங்க எந்த வரிசையில வர்றாங்க? உயிர் காக்கற பயணத்துக்கு கூலியை வச்சு விலை போடாம, நிமிஷத்தை நிமிஷமாவே எண்ணுங்க.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது. ஏகனாபுரத்துக்காரங்க தீர்மானம் மேல தீர்மானமா போட்டுட்டாங்க. நீங்க அடுத்த சபைக்குப் போனா ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்து, பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க: "2046ல எங்க ஊர்ல இருந்து வென்டிலேட்டர் உள்ள படுக்கைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை நிமிஷம்?"