குஞ்சுகளுக்கு ஒரு மறைவிடம்

அடை வைத்த 21-ஆம் நாள் முட்டை பொரிந்து, பஞ்சு உருண்டை மாதிரி குஞ்சுகள் வாசலில் ஓடினால் வீடே கலகலப்பாகிவிடும். ஆனால் அதை நாம் மட்டுமா பார்க்கிறோம்? மேலே வட்டமிடுகிற பருந்தும்தானே பார்க்கிறது!

பக்கத்து வீட்டுத் தங்கச்சி முட்டை விற்ற காசில்தான் மகளிர் குழுத் தவணை கட்டுகிறாள். போன வருஷம் 11 குஞ்சில் 8 குஞ்சு ஒரே வாரத்தில் போய்விட்டது. ஆத்திரத்தில் அவள் வீட்டுக்காரர் கருவாட்டில் எலி மருந்தைத் தடவி மாடியில் வைக்கக் கிளம்பிவிட்டார். "வேண்டாம் தம்பி, நாய், பூனை தின்னும். பிள்ளைகள் கை பட்டால் என்ன ஆகும்?" என்று தடுத்தேன். பருந்தைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பருந்தை விரட்டுவதைவிடக் குஞ்சை மறைப்பதே மேல். முதல் ஆறேழு வாரம் கண்ணும் கருத்துமாக இருந்தால் போதும். நாம் வேலையாக இருக்கும்போது பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடுங்கள். அது நிழலில் இருக்கட்டும். உள்ளே கொட்டாங்கச்சியில் தண்ணீர் வையுங்கள்.

மேயும் இடத்துக்கு மேலே பழைய மீன் வலையைக் கட்டலாம். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்கினால் பறவைகள் சிக்கிக்கொள்ளும். பழைய கேசட் நாடா காற்றில் மினுங்கினால் பருந்து மிரளும். நாலு நாளில் பழகிவிடும், அதனால் இடம் மாற்றிக் கட்டவேண்டும்.

வல்லூறு வேறு ரகம். இலை மறைவில் உட்கார்ந்திருந்து சட்டென்று தாழப் பாயும். அதற்குச் செம்பருத்தி போலத் தாழ்ந்து அடர்ந்த செடிதான் காவல். முருங்கை நிழல் போதாது. செடி இல்லையா? நாலு செங்கல் மேல் ஒரு பலகை வையுங்கள். தாய்க்கோழி எச்சரித்துக் குரல் கொடுத்ததும் குஞ்சுகள் ஓடி ஒளிய இடம் வேண்டுமல்லவா?

இன்னொன்று, மீன் கழிவைக் கொல்லையில் வீசாதீர்கள். காக்காயையும் பருந்தையும் நாமே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி!

தங்கச்சி வீட்டில் இந்தத் தடவை 10 குஞ்சில் 9 தேறிவிட்டது. தவணையும் தவறவில்லை. உங்கள் வீட்டிலும் செய்து பாருங்களேன்.