அன்னபேதி போட்டால் போதுமா?

"கழிவுநீரைச் சுத்தம் பண்ணித்தானே விடப் போறாங்க, அப்புறம் என்ன சார் பயம்?" திண்டிவனம் சிப்காட் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊர்க்காரர்கள் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். அந்தச் "சுத்தம்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஓர் உலோகத்தை இல்லாமல் ஆக்கும் ரசாயனம் எதுவும் கிடையாது. இடம் மாற்றலாம், குணம் மாற்றலாம். அவ்வளவுதான்.

ஒடிசாவில் சுகிந்தா பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். நம் நாட்டுக் குரோமைட் தாதுவில் பெரும்பகுதி அங்கேதான். அந்தச் சுரங்கக் குழிகளில் ஊறும் தண்ணீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது அறுமதிப்புக் குரோமியம், கரைந்து வருகிறது. மஞ்சள் நிறம்; புற்றுநோய் தரக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கூடாது என்பது இந்தியத் தர அளவு. சுகிந்தாவிலோ சுரங்க நீர் டம்சாலா ஓடையில் இறங்கி பிராமணி ஆற்றுக்குப் போகிறது.

அங்கே நீரில் போடும் மருந்து ஃபெரஸ் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் பச்சையாக எடுத்துக் கொடுப்பார்களே, அதேதான். அதிலுள்ள இரும்பு, அறுமதிப்புக் குரோமியத்தை நஞ்சு குறைந்த மும்மதிப்புக் குரோமியமாக மாற்றிவிடும். சுண்ணாம்பு சேர்த்தால் அது கசடாகி அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் வழியும். நல்ல முறைதான். செய்யாமல் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு குரோமிய அணுவுக்கு மூன்று இரும்பு அணு வேண்டும். எடையில், ஒரு கிலோ குரோமியத்துக்குக் குறைந்தது 16 கிலோ அன்னபேதி. மிஞ்சும் கசடு, நன்றாகக் காய்ந்த பிறகும் சுமார் 8 கிலோ. ஈரத்தோடு அள்ளினால் அதுபோலப் பல மடங்கு. நீரில் இருந்த ஒரு கிலோ குரோமியம் முழுதாக அந்தக் கசடுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அமிலம் பட்டால் மறுபடி கரையும். மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் கிடந்தால் ஒரு பகுதி பழையபடி நஞ்சாகவும் திரும்பும். தெளிந்த நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் படமெடுக்கும் அதிகாரிகள், கசடு போகும் லாரியையும் ஒரு படம் எடுத்துப் போடட்டுமே!

சுகிந்தா எங்கேயோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். வந்தவாசி, ஆற்காடு வழியாகப் போனால் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட்டில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை குரோமைட்டைச் சூளையில் வறுத்து, தோல் தொழிலுக்கு வேண்டிய உப்புகளைச் செய்தது. 1990களின் நடுவில் மூடினார்கள். கழிவை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு, பாலாற்றுப் படுகைக்குப் பக்கத்தில். மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். 2006ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க அமைப்பு உலகிலேயே மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் சுகிந்தா.

சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு தேதி: 2015 ஜனவரி 31. அதே ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் படுத்துத் தூங்கிய 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைக் கொன்றது சுத்திகரித்த பிறகு மிஞ்சிய கசடு.

திண்டிவனத்தில் உணவுப் பூங்காதானே, குரோமியம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நியாயம். உணவு ஆலையில் குரோமியம் வராது. ஆனால் தொழிற்பேட்டை என்பது ஒருமுறை வந்தால் ஐம்பது வருடம் இருக்கும். இன்று பிஸ்கட் செய்யும் மனையில் நாளை முலாம் பூசுகிறவர் வரலாம். வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறுவதை நானும் பார்க்கிறேன். ஆனால் இங்கத்திய ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேரும் இடம் கழுவெளி. 2021ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த அதே கழுவெளி. அங்கே ஒன்று படிந்தால் அள்ளுவதற்கு ஆள் கிடையாது.

ஆகவே கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். கசடு எத்தனை டன், எங்கே போகிறது? அதைப் பஞ்சாயத்துப் பலகையில் மாதாமாதம் எழுதிப் போடுவீர்களா? கம்பெனி மூடினால் அள்ளும் செலவுக்கான பணத்தை இன்றே வங்கியில் கட்டுவார்களா? ராணிப்பேட்டையில் மூன்றாவது கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால், இன்று அந்த மலைக்கு ஒரு பொறுப்பாளி இருந்திருப்பார். பென்ஷன் வாங்கும் நமக்கு நேரம் இருக்கிறது. அக்டோபர் 2ஆம் தேதி நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.