கள்ளச்சாவி வாணிபம்!

பூட்டிலே ஒரு குறை. செய்தவனுக்கே அது தெரியாது. வேறொருவன் கண்டுகொள்கிறான். நல்லவனாயின் என்ன செய்வான்? "ஐயா, உமது பூட்டில் குறை இருக்கிறது, திருத்தும்" என்பான். கெட்டவனாயின்? கள்ளச்சாவி செய்து திருடனிடம் விற்பான். அகப்பட்டால் இருவருக்கும் விலங்கு! ஊரறிந்த நீதி இது.

ஆனால் தோழர்களே, விற்பவன் கோட்டும் சூட்டும் அணிந்த கனவானாக இருந்தால்? வாங்குவது ஓர் அரசாங்கமாக இருந்தால்? அப்போது அதற்குப் பெயர் களவு அல்ல, வாணிபம்!

கைபேசியை, கணினியை இயக்கும் மென்பொருளில் உள்ள ஓட்டைகளுக்கு இன்று உலகச் சந்தை இருக்கிறது. 2015இல் ஜெரோடியம் என்ற நிறுவனம், ஐபோனுக்குள் புகும் வழி கொண்டுவருவோருக்கு 10 லட்சம் டாலர் என்று பறைசாற்றியது. 2019இல் அந்த விலை 20 லட்சம் டாலர் வரை ஏறிற்று. ஓட்டை அடைபட்டால் சரக்கு செத்தது. ஆகவே பூட்டுச் செய்தவனிடம் வாய் திறக்கமாட்டார்கள். கோடானுகோடி மக்களின் கதவு திறந்தே கிடக்கவேண்டும். அதுதான் இந்த வாணிபத்தின் முதல்!

"அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்கிறோம், பயங்கரவாதியைப் பிடிக்கத்தான் விற்கிறோம்" என்கிறார்கள். அழகான வாதம்! ஆனால் எந்த அரசாங்கத்துக்கு? எந்தப் பயங்கரவாதியைப் பிடிக்க?

ஐக்கிய அரபு அமீரகத்தில் அகமது மன்சூர் என்று ஒருவர். பொறியாளர், கவிஞர். கையில் துப்பாக்கி இல்லை. மனித உரிமை பேசிய நாவுதான் உண்டு. அந்த ஒரு மனிதர்மீது 2011இல் ஃபின்ஃபிஷர் என்ற ஐரோப்பிய வேவுச் சரக்கு ஏவப்பட்டது. 2012இல் இத்தாலியின் ஹேக்கிங் டீம் சரக்கு. 2016 ஆகஸ்டில் இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் செய்த பெகாசஸ்!

சிறையில் வதைபடுவோர் பற்றிய இரகசியம் தருவதாக ஆசைகாட்டி அவர் கைபேசிக்குச் செய்தி வந்தது. தொட்டிருந்தால் தொலைந்திருப்பார். தொடவில்லை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். அதுவரை ஆப்பிள் நிறுவனமே அறியாத மூன்று ஓட்டைகள் வெளிப்பட்டன. இரண்டு வாரத்துக்குள் அடைபட்டன. ஒருவரின் விழிப்பால் கோடிக்கணக்கானோருக்குக் காவல்!

அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 2017 மார்ச்சில் கைது. 2018இல் பத்தாண்டுச் சிறை. சமூக ஊடகத்தில் எழுதி அரசின் மதிப்பைக் குலைத்தாராம்!

சரி, நல்ல அரசாங்கம் வாங்கி வைத்தால் கேடில்லையே என்று கேட்கலாம். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டு, மைக்ரோசாப்டிடம் சொல்லாமல் ஆயுதமாக்கிப் பதுக்கியது. பதுக்கியது பறிபோயிற்று! மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சில் ஓட்டையை அடைக்க வழி தந்தது. எல்லாக் கணினிக்கும் அது போய்ச் சேருமுன், ஏப்ரலில் ஆயுதம் ஊரம்பலம் ஏறிற்று. மே 12இல் அதே ஆயுதத்தோடு 'வான்னாக்ரை' பாய்ந்தது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் 19,000க்கு மேற்பட்ட சிகிச்சை ஏற்பாடுகள் தடைப்பட்டிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கைத் துறையின் அறிக்கை வெளியிட்டது. வேவுக்காரன் ஒளித்துவைத்த சாவி, நோயாளியின் கதவைப் பூட்டிற்று!

துப்பாக்கி விற்றாலும் அது பிறர் வீட்டுச் சுவரைப் பலவீனமாக்காது. இந்தச் சரக்கோ, ஒருவனைச் சுட எல்லார் வீட்டுச் சுவரிலும் துளை இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே ஓட்டையைக் கண்டவர் அடைப்பவரிடம் சொல்லவேண்டும், விற்றால் குற்றம், வாங்கிப் பதுக்கினால் அரசாங்கமும் குற்றவாளி என்று உலக நாடுகள் சட்டம் செய்யட்டும்.

ஓட்டையை அடைக்க உதவியவருக்குச் சிறை. ஓட்டையை விற்றவனுக்கு மாளிகை. இந்தத் தராசை நிமிர்த்தாமல், பாதுகாப்பு என்ற சொல்லை எவர் சொன்னாலும் நம்பாதீர், தோழர்களே!