பாட்டு வீடியோ எடுக்க நகையை அடகு வைக்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.

கடந்த மூன்று வருடத்தில் என்னிடம் படித்த நாலு பிள்ளைகள் "டீச்சர், ஆல்பம் சாங் பண்ணியிருக்கேன், பார்த்துட்டு ஷேர் பண்ணுங்க" என்று லிங்க் அனுப்பினார்கள். நாலையும் முழுசாகப் பார்த்தேன். நாலிலும் பைக்கில் வருகிறான், பெண் திரும்பிப் பார்க்கிறாள், டிரோன் மேலே போகிறது. பாடுகிற குரல் யாருடையது என்றே தெரியவில்லை. நாலு பேரில் ஒருவன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து எடுத்திருக்கிறான். கேமரா வாடகை, டிரோன் வாடகை, ஆடுகிறவர்களுக்குச் சம்பளம், வேன், பிரியாணி என்று பணம் கரைந்துவிட்டது. பாட்டை ஊர்க்காரர்களும் சொந்தக்காரர்களும் பார்த்தார்கள், அதோடு சரி. அவன் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். யாரும் கமெண்டில் கேட்கவும் வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அட, சினிமாக்காரங்க எடுத்த மாதிரி இருக்கே" என்று நாலு பேர் சொல்கிற வீடியோவை வீட்டிலேயே, கையில் இருக்கிற போனிலேயே எடுக்கலாம். அந்தத் தோற்றம் வாடகைக் கேமராவிலிருந்து வருவதில்லை. கேமராவைத் திறப்பதற்கு முன்னால் நாம் பார்க்கிற வேலையிலிருந்து வருகிறது.

டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு என் பேத்தியோடு சேர்ந்து வீட்டில் ஏழு பாட்டு எடுத்திருக்கிறேன். ஒரு முக்காலி, சட்டையில் மாட்டுகிற ஒயர் மைக் ஒன்று, இரண்டும் சேர்த்து ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மற்றதெல்லாம் வீட்டில் இருந்ததுதான்.

நம் பக்கத்துக்காரர்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். பாபநாசத்தில் பிறந்த கே.சுப்ரமணியம் இயக்கி, மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் கதாநாயகனாக அறிமுகமான படம் 'பவளக்கொடி'. வருடம் 1934. சென்னை அடையாறில் வெயில் வெளிச்சத்தில்தான் எடுத்தார்கள். பாட்டைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் அப்போது இல்லை. நடிக்கும்போதே பாட வேண்டும். காகம் கத்தினால் அதுவும் சேர்ந்து பதிவாகிவிடும். காகத்தை விரட்டுவதற்கென்றே ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று பழைய சினிமாவைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1938-ல் ஏவி.மெய்யப்பச் செட்டியாரின் 'நந்தகுமார்' படத்தில்தான் தமிழில் பின்னணிப் பாடல் முறை வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அவர்கள் பட்ட பாடு இரண்டே இரண்டுக்குத்தான்: சத்தம், வெளிச்சம். இன்றைக்கு உங்கள் வீடியோ வீட்டு வீடியோ மாதிரித் தெரிவதற்கும் இந்த இரண்டுதான் காரணம். கேமரா மூன்றாவது.

முதலில் சத்தம். படம் சுமாராக இருந்தாலும் பாட்டு தெளிவாக இருந்தால் ஜனங்கள் பார்ப்பார்கள். பாட்டு இரைந்தால் பத்தாவது நொடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் பாட்டைத் தனியாகப் பதிவு செய்து முடித்த பிறகுதான் படம். வீட்டில் எந்த அறையில் பதிவு செய்யலாம் என்று தெரிய வேண்டுமானால், நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். எதிரொலி கேட்டால் அந்த அறை வேண்டாம். மெத்தை, தலையணை, துணி அடுக்கிய பீரோ இருக்கிற அறை நல்லது. சுவரில் இரண்டு ஜமுக்காளம் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். பக்கத்து வயலில் போர் மோட்டார் எப்போது ஓடும், கோயில் ஸ்பீக்கர் எப்போது போடுவார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரிப் பதிவே வேண்டாம். தவளை விடாது. ஒலியைத் திருத்த ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்தது வெளிச்சம். பழைய ஓட்டு வீடு இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். முற்றத்தில் விழுகிற வெளிச்சத்துக்கு ஈடாக ஸ்டுடியோவில் பெரிய பெரிய விளக்கும் வெள்ளைத் துணியும் கட்டிக் கஷ்டப்படுகிறார்கள். பாடுகிறவரைத் தாழ்வாரத்து ஓரத்தில், முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். நடு முற்றத்தில் உட்கார வைத்தால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். மாடி வீடு என்றால் ஜன்னல் ஓரம், ஜன்னலுக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டி. வெளியே எடுப்பதானால் காலை எட்டரைக்கு முன், மாலை நாலரைக்குப் பின். உச்சி வெயிலில் எடுத்துவிட்டு "கேமரா சரியில்லை" என்று சொல்லக் கூடாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறதே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 அலை. போன் பெரும்பாலும் நொடிக்கு 30 படம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்த ஓட்டம். புரோ மோடில் போய் 25 படம் என்றும் ஷட்டரை 1/50 என்றும் வைத்தால் நின்றுவிடும். அங்கேயே வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளை வேட்டிக்காரர் நடந்து வரும்போதெல்லாம் படம் மங்கி மங்கித் தெளியும். லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள். பாதி வீடியோ எண்ணெய்க் கை பட்ட லென்ஸால் கெடுகிறது.

மூன்றாவது, படம் பிடிப்பது. பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டு, அதோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். வாய் மட்டும் அசைத்தால் தொண்டை நரம்பு அசையாது, பார்க்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். முழுப் பாட்டையும் தூரத்திலிருந்து ஒரு முறை, இடுப்பளவுக்கு ஒரு முறை, முகம் மட்டும் ஒரு முறை என்று மூன்று தடவை எடுங்கள். பிறகு கை, விளக்கு, சலங்கை, தண்ணீர் என்று சின்னச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நிமிடப் பாட்டு என்றால் 240 நொடி. ஐந்து நொடிக்கு ஒரு காட்சி மாற்றினால் 48 காட்சி வேண்டும். அந்த 48-ஐயும் முதல் நாளே ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவிட வேண்டும். நான் வகுப்புக்குப் பாடக் குறிப்பு எழுதாமல் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெட்டி ஒட்டுவதற்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். காட்சியைத் தாளத்தில் மாற்றுங்கள். பூ விரிகிற மாதிரி, பக்கம் புரள்கிற மாதிரி வரும் எஃபெக்டுகளைக் கல்யாண வீடியோக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள்.

இப்படி எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 2006-ல் 'ஓகே கோ' என்ற அமெரிக்க இசைக்குழு எட்டு ட்ரெட்மில்லை வாங்கிப் போட்டு, வீட்டிலேயே ஒரு பாட்டு எடுத்தது. கேமரா அசையவே இல்லை. ஒரே காட்சி, வெட்டே கிடையாது. நடனம் அமைத்தது பாடகரின் அக்கா. 2007-ல் அதற்கு கிராமி விருது கிடைத்தது. அவர்கள் செலவு செய்தது ஒத்திகைக்கு. இரண்டாவது, 2011 நவம்பரில் வந்த கொலவெறி பாட்டு. தனுஷும் அனிருத்தும் சினிமாக்காரர்கள்தான், எடுத்த இடமும் நல்ல ஸ்டுடியோதான். ஆனால் படத்தில் என்ன இருந்தது? ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு அறையில் பாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். வெளிநாட்டு மலையும் இல்லை, ஐம்பது பேர் ஆட்டமும் இல்லை. பத்துக் கோடி தடவைக்கு மேல் பார்த்தார்கள்.

டிரோன் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்காமல் பறக்கவிட்டால் வழக்கு வரும். பெரிய கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. முக்காலி வைத்துப் படம் பிடிக்க முன் அனுமதி வேண்டும். கோபுரம் வேண்டுமென்றே தோன்றினால் தெருவில் நின்று தூரத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள், அதுவே அழகு. வாய்க்கால் மதகு, நாற்றங்கால், களத்துமேடு இவற்றுக்கு வாடகை கிடையாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

எந்தப் பாட்டைப் பாடுவது? சினிமாப் பாட்டைக் கரோக்கியில் பாடினாலும் மெட்டும் வரியும் இன்னொருவருக்குச் சொந்தம். யூடியூப் தானாகவே கண்டுபிடித்துவிடும். விளம்பரப் பணம் சொந்தக்காரருக்குப் போகும், சில சமயம் வீடியோவே நிற்கும். நம் சட்டத்தில் எழுதியவர், இசையமைத்தவர் காலமாகி 60 வருடம் வரை உரிமை உண்டு. 1847-ல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளை யாரும் பாடலாம், ஆனால் இன்னொருவர் பாடிய ஒலிப்பதிவை எடுத்துப் போடக் கூடாது. பழகுவதற்குச் சினிமாப் பாட்டு இருக்கட்டும். வெளியிடுவதற்கு நான் சொல்வது வேறு.

எங்கள் தெருவில் ஒரு ஆத்தா இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. நாற்பது வருடம் நடவு நட்டவர். நாங்கள் எடுத்த ஏழு பாட்டில் இரண்டு அவர் பாடியது. அறையில் உட்கார வைத்தபோது ஒரு அடிக்கு மேல் வரவில்லை, "மறந்து போச்சும்மா" என்றார். பேத்தி ஓடிப்போய் ஒரு நாற்று முடியை வாங்கி வந்து கையில் கொடுத்தாள். அதைப் பிரித்துக்கொண்டே கடகடவென்று பாடினார். இந்த மாதிரிப் பெரியவர்களிடம் முதலில் பாட்டு, பிறகு படம் என்ற விதி செல்லாது. இரண்டாம் தடவை பாடும்போது வேறு வரி வரும். மைக்கை இன்னொரு போனில் சொருகி மடியில் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கை தட்டினால், பிறகு அந்தத் தட்டல் சத்தத்தை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம்.

மேட்டூர் திறந்து குறுவை ஆரம்பித்தால் இப்போதெல்லாம் பல வயலில் இயந்திரம் நடுகிறது. பல வயலில் வட மாநிலப் பிள்ளைகள் நடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, உழைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் நம் நடவுப் பாட்டு வயலில் கேட்பது குறைந்துவிட்டது. இருப்பது இந்த ஆத்தாக்கள் தொண்டையில் மட்டும். போன வருடம் அவர் பாடிய பாட்டில் பாதி இந்த வருடம் அவருக்கே ஞாபகம் இல்லை. எங்களிடம் இருக்கிறது.

வீடியோவில் அவர் பெயரை முதலில், பெரிய எழுத்தில் போட்டோம். போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டோம். திருப்பூரில் இருக்கிற அவர் மகள் பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்து, "எங்க அம்மா பேரை எழுத்துல இப்பதான் டீச்சர் பார்க்கிறேன், ரேஷன் கார்டு தவிர" என்றார். பெயர் போடுவது சின்ன விஷயம் இல்லை. 2021-ல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு, அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்ட கதைகளிலிருந்து வளர்ந்தது. உலகமே கேட்ட பிறகு, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அடுத்த வருடம் பொதுவெளியில் பெரிய பேச்சே நடந்தது. நாளைக்கு உங்கள் வீடியோவில் நாலு காசு வந்தால் பாடியவருக்கும் பங்கு கொடுங்கள். யார் எழுதியது என்று தெரியாத பாட்டாக இருக்கலாம், பாடிக் காட்டியவர் யார் என்று தெரியுமல்லவா?

அதனால் பிள்ளைகளே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ போய், "உனக்கு என்ன பாட்டு தெரியும்?" என்று கேளுங்கள். தாலாட்டோ, கும்மியோ, நடவுப் பாட்டோ எதுவானாலும் சரி. தாழ்வாரத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு பாட்டு எடுங்கள். எடுத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன், மதிப்பெண்ணும் போடுவேன். வெளியூரில் இருப்பவர்கள் பொங்கலுக்கு வரும்போது எடுக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஊரில் இருக்கிற தம்பி, தங்கையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்