பறைச் சத்தம் கேட்டா ஏன் காதைப் பொத்துறீங்க?



இந்த மாதம் நான் ஒரு இசைக்குழுவைப் பற்றி எழுதுகிறேன். பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பேண்டு என்றதும் கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டு வருவாங்களே, அது என்று நினைக்காதீர்கள். இது ராக், ராப், கானா மூன்றையும் கலந்து பாடுகிற குழு. கிடார், டிரம்ஸ் பக்கத்திலேயே பறையும் நிற்கும்.

2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கினார்கள். மேடையில் 19 பேர். அயோத்திதாச பண்டிதர் சொன்ன 'சாதி பேதமற்ற' என்ற சொல்லில் இருந்துதான் இந்தப் பெயர் வந்தது. அதே வருடம் 'மகிழ்ச்சி' என்று ஆல்பம் போட்டார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஆரம்பத்தில் அத்தனை பேரில் பாடுகிற பெண் இசைவாணி அக்கா ஒருத்தர்தான். கானா என்றால் ஆம்பளைங்க பாட்டு என்று சொல்லுவாங்க இல்லையா, அதை வடசென்னையில் இருந்து வந்து பாடிக் காட்டினாங்க. 2020-இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவங்க பேரும் வந்தது. இன்னும் நாலு அக்காக்கள் இருந்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

அந்தக் குழுவில் பாடிய அறிவு அண்ணன் அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து 2021-இல் 'என்ஜாயி எஞ்சாமி' எழுதினார். நம்ம ஊர்ல அது பாடாத ஆட்டோ உண்டா? ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அந்தப் பாட்டைப் பற்றிப் பேசி, அட்டையில் வேற ரெண்டு பேர் படத்தைப் போட்டது. பலரும் கேள்வி கேட்ட பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. பாட்டு வேணும், பாடினவன் முகம் வேண்டாமா?

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்க தாத்தா பறை அடிப்பார். இதை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். போன வருஷம் ஆண்டு விழாவுக்குப் பறை ஆடலாமா என்று கேட்டபோது, "சாவு மேளம் ஸ்கூலுக்கு எதுக்கு?" என்று ஒருத்தர் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சாவு மேளத்துக்கா கொடுத்தாங்க? தாத்தா வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது விரலால் தட்டித் தட்டிக் கேட்பார். சத்தம் கணீர்னு வந்தாத்தான் எடுப்பார். வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி. பார்க்க ஈஸியா இருக்கும், எனக்கு இன்னும் சிண்டுக்குச்சி சரியா விழல.

இந்த வருட ஆண்டு விழாவுக்கு நாங்க மூணு பொண்ணுங்க பேர் கொடுத்திருக்கோம். தாத்தா ஞாயித்துக்கிழமை சொல்லித் தர்றேன்னு சொல்லிட்டார். அஞ்சு பேர் இருந்தா வட்டமா நின்னு ஆடலாம். வர்றவங்க என்கிட்ட சொல்லுங்க. பசங்களும் வரலாம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி